மூடாமல் விட்ட இரண்டாவது மைக்

என்னைப் பேசக் கூப்பிட்ட பிள்ளைகளே, நீங்கள் கையில் ஒரு பட்டியலையும் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய எந்தப் பெட்டி வாங்குவது, எந்த ஒயரை எங்கே செருகுவது, ஹெட்ஃபோனில் சத்தம் பிந்தி வந்தால் என்ன செய்வது. நல்ல கேள்விகள்தான். ஆனால் அதையெல்லாம் உங்கள் ஃபோனே சொல்லிக்கொடுத்துவிடும். இடது காது அடைத்துப்போய் நான் வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. உங்களுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. சொல்ல வாய் கூசுகிறது. கூசினாலும் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு காலம். யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை இருந்தது. நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரித்து, பாடுகிறவர் பக்கம் மட்டும் பழைய தேங்காய்த் தும்பு மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். என் பக்கம் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சோற்றுப்பெட்டி அளவில் ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி. அதில் மைக் செருக இரண்டு துளைகள்தான். வேனில் கட்டி ஊர் சுற்றும் விளம்பரங்கள், கோயில் பாட்டு, சிங்களப் பையன்களின் காதல் பாட்டு என்று வந்ததையெல்லாம் பதிந்தேன். பஜாரில் எல்லாரும் என்னை 'மல்லி', அதாவது சிங்களத்தில் தம்பி, என்றுதான் கூப்பிடுவார்கள். என் சிங்களத்தைக் கேட்டு நான் தமிழன் என்றே பலருக்குத் தெரியாது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

தெரியாமல் இருந்தது இன்னொன்றும் உண்டு. பஜாரிலிருந்து நாலு மைல் மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், என் அம்மா இருந்தார். அம்மா பெயர் காமாட்சி. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கடைசிக் காலத்தில் ஸ்டோரில், அதாவது ரப்பர் ஃபாக்டரியில், உருளை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று காதையும் பாதி கெடுத்துக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். பஜாரில் யாராவது கேட்டால், அப்பாவுக்கு வரக்காப்பொல டவுனில் கடை இருந்தது, அம்மாவும் அந்தப் பக்கம்தான் என்பேன். யுத்தம் நடந்த கெட்ட காலம் அது, செக்பாயிண்டில் பெயரைச் சொல்லவே பயந்தவர்கள் இருந்தார்கள். அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். தமிழர் கேட்டாலும் நான் அதே பொய்யைத்தான் சொன்னேன். லயத்துக்காரன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

தொழிலில் தப்பு செய்யாதவன் கிடையாது. ஒரு தடவை பஜனைக் கோஷ்டி ஒன்று இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பாடியது. கடைசியில் பார்த்தால் பெட்டியிலிருந்து எதுவுமே உள்ளே போகவில்லை. கம்ப்யூட்டரிலேயே இருந்த பொட்டு மைக்தான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடியது மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னேன். "என்னங்க, எங்கள என்ன கேணப்பயலுகன்னு நெனச்சீங்களா?" என்று திட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்து பாடிக்கொடுத்தார்கள். அந்த மாதிரித் தப்பு எத்தனை வேண்டுமானாலும் செய்யுங்கள், திட்டு வாங்கினால் தீர்ந்துவிடும்.

இது அப்படித் தீராத தப்பு. ஒரு நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். தோட்டங்களின் பாலர் பாடசாலைகளுக்குக் கொடுக்கத் தாலாட்டுகளைப் பதிந்து ஒரு சிடி போட வேண்டும், தோட்டத்துப் பெண்களே பாட வேண்டும், வாத்தியம் எதுவும் வேண்டாம் என்றார். பஜாரில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதையான வேலை. அடுத்த வாரம் பாடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் ரப்பர் பால் காய்ந்த கறை. பாக்கியம் என்று பெயர் சொன்னார்.

உள்ளே வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆத்தாடி! நீங்க மேட்டு லயத்துக் காமாட்சியக்கா மகன்தானே? என் இடுப்புலயே கெடந்த புள்ளையாச்சே!"

எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. அம்மா மலைக்கு வேலைக்குப் போன பிறகு என்னைத் தூளியில் போட்டு ஆட்டிய பக்கத்துக் காம்பராப் பெண். கல்யாணமாகித் தோட்டத்தின் வேறு டிவிஷனுக்குப் போனவர். யாழ்ப்பாணத்து சேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரமே அவரிடம் நான் வரக்காப்பொலக் கடைக்கதையை அளந்திருந்தேன்.

"இல்லீங்களே, நீங்க வேற யாரையோ நெனச்சிட்டீங்க" என்றேன்.

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அப்படீங்களா தம்பி? என் கண்ணு அவ்வளவு சரியில்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அந்தக் கண் பாதி இருட்டிலேயே மரத்தின் பட்டையைப் பார்த்துப் பால் வெட்டுகிற கண். அதில் ஒரு கோளாறும் கிடையாது.

இப்போது ஒயர் விஷயத்துக்கு வருகிறேன், பட்டியல் கொடுத்தவர்கள் கவனியுங்கள். முதல் துளையில் பாடுகிறவரின் மைக். பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு நான் பேச வேண்டுமே, அதற்காக இரண்டாவது துளையில் என் மேசை மேல் ஒரு மைக். பெட்டியிலிருந்து இரண்டு பாதை கிளம்பும். ஒன்று கம்ப்யூட்டருக்குள் போய்ப் பதிவாகும். இன்னொன்று நேரே ஹெட்ஃபோனுக்குப் போகும். என் மைக்கைப் பதிவில் சேர்ப்பதில்லை, அது ஹெட்ஃபோனுக்கு மட்டும்தான். பேச வேண்டியதைப் பேசிவிட்டு உடனே அதன் சத்தத்தைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பொத்தான் கிடையாது, ஞாபகம் வைத்துத்தான் செய்ய வேண்டும். நான் பல நாள் செய்யமாட்டேன். பதிவாகவில்லைதானே, அப்புறம் என்ன என்று ஒரு அலட்சியம்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாக வந்தன. பாக்கியம் ஹெட்ஃபோன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், கூட்டினேன். மூன்றாவதற்குப் பதிவை ஓடவிட்டு, "அவசரமில்ல, மூச்சு வாங்கிட்டு எப்ப வேணுமோ ஆரம்பிங்க" என்று என் மைக்கில் சொல்லிவிட்டு என் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். சத்தத்தை இறக்கவில்லை.

சேர் என் பக்கம் சாய்ந்தார். "தம்பி, அவ உங்களைத் தெரியும் எண்டல்லோ சொன்னவ? நீங்கள் தோட்டத்துப் பிள்ளையோ? அப்பிடியெண்டால் நல்லதுதானே, எனக்கும் கதைக்க வசதி."

பாருங்கள், அந்த மனிதர் கதவையே திறந்துவிட்டார். ஆமா சேர் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்கு அவர் ஆழம் பார்ப்பதாகத்தான் தோன்றியது. பலகைக்கு அப்பால் கேட்டுவிடக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி, மேசைப் பக்கம் நன்றாகக் குனிந்து பேசினேன். குனிந்ததில் மைக்குக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டேன், மடையன்.

"இந்த லயத்து ஆளுங்களே இப்படித்தான் சேர். கொஞ்சம் வெள்ளைச் சட்டை போட்டவனப் பாத்தா சொந்தம் கொண்டாடிட்டு வந்துருவாங்க. எனக்கும் தோட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எங்கம்மா ஒரு நாள்கூடத் தோட்டத்துல வேலை செஞ்சதில்ல."

சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பாக்கியம் மூச்சை இழுக்கும் சத்தம் பலகை வழியாகவே கேட்டது. பாட ஆரம்பித்தார். தாலாட்டில் பிள்ளையின் சொந்தங்களையும் வீட்டையும் சேர்த்துப் பாடுவது வழக்கம்தானே. இரண்டு அடி வழக்கமாகப் போனது. மூன்றாவது அடியில் வந்தது இது:

மேட்டு லயத்துக் கடைசிக் காம்பரா
மேலே கட்டுன சேலைத் தூளி
பால் வெட்டப் போன காமாட்சி
பசிக்கு முந்தி வந்துருவா

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தப் பொம்பளை விடமாட்டேன் என்கிறாளே என்று மனசுக்குள் திட்டினேன். சேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்தக் காமாட்சி வாற இடம் எவ்வளவு வடிவு! தொடக்கத்தில மூச்சு எடுக்கிறாவே, அதையும் வெட்டிப்போடாதேயுங்கோ" என்றார். சரி சேர் என்று தலையாட்டினேன்.

பாக்கியம் ஹெட்ஃபோனைக் கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"காதுல மாட்டுனதுல எல்லாம் நல்லா கேட்டுச்சு தம்பி" என்றார்.

என் வேலையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, "சந்தோஷங்க" என்றேன். இன்றைக்கும் அந்த "சந்தோஷங்க" ஞாபகம் வந்தால் தலையில் அடித்துக்கொள்வேன்.

அடுத்த நாள் அந்த நாலு வரியையும் வெட்டினேன். முன்னும் பின்னும் ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் வழித்துவிட்டேன். வேலை சுத்தமாக இருந்தது, அந்தச் சனியன் பிடித்த கெட்டிக்காரத்தனம் எனக்கு உண்டு. வெட்டிய துண்டை வைத்திருக்கவும் பிடிக்காமல் அழித்தேன். அந்த வரி ஏன் இல்லை என்று சேர் கேட்டபோது, அந்த இடத்தில் ஒரு லொறி ஹார்ன் விழுந்துவிட்டது என்றேன். அவர் முகம் வாடியது. அவர் ஆசைப்பட்ட மூச்சை மட்டும் அதற்கு முன்னால் மூன்று நாலு விநாடி மௌனத்தோடு அப்படியே விட்டேன். கடைசி வேலையாக எல்லாப் பாட்டும் ஒரே அளவில் கேட்கும்படி, பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகு மௌனமான இடங்களைத் திரும்பக் கேட்க வேண்டும். தலைக்கு மேல் ஃபேன், வெளியே பஸ். பாட்டு வரும் இடத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சிடி போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். பாலர் பாடசாலை டீச்சர் அம்மாவிடம் ஒரு சிடி கொடுத்திருந்தார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் எதைப் போட்டாலும் முழுச் சத்தத்தில்தான் போடுவார். லயமே கேட்கும். என்னை உட்காரவைத்து, வடையைத் தட்டில் வைத்துவிட்டு, "நம்ம பாக்கியம் பாடிருக்கா, கேளு சாமி" என்று பிளேயரை அமுக்கினார். நான் பதிந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவதுக்கு முன்னால் அந்த மௌனம் இரைச்சலோடு வந்தது. அதற்குள்ளிருந்து, தகர டப்பாவுக்குள் பேசுவது போல் ஒரு ஆண் குரல் கேட்டது.

"எங்கம்மா ஒரு நாள்கூடத் தோட்டத்துல வேலை செஞ்சதில்ல."

உடனே பாக்கியத்தின் மூச்சு. பிறகு பாட்டு.

அம்மா பிளேயரை நிறுத்தினார். "இந்த எடத்துல எவனோ பேசுறான் பாரு. நாலஞ்சு வாட்டி கேட்டுட்டேன்" என்று திரும்பப் போட்டார். மறுபடியும் அந்தக் குரல். கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தேன்.

"உன் சத்தம் மாதிரியே இருக்கே சாமி?"

"இல்லம்மா. அது வேற யாரோ."

வாயிலிருந்து தானாக வந்தது. பழகிய வாய் அல்லவா.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான பாத்தேன். இவனப் பெத்தவ இதக் கேட்டா என்ன பாடு படுவா, பாவம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கீழே எப்படி இறங்கிவந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் அறையைத் திறந்து, சிடிக்காக முன்பக்கம் நறுக்காத பாக்கியத்தின் பதிவை முதலிலிருந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். என் பேச்சு முழுவதும் இருந்தது, வெள்ளைச் சட்டை உட்பட. பதிவில் நான் சேர்க்காத என் மைக், பாக்கியத்தின் காதில் போய் விழுந்து, அவர் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து, அவருடைய மைக் வழியாகப் பதிவுக்குள் வந்திருக்கிறது. அதாவது நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதுக்குள்ளேயே பேசியதுதான். அதைக் கேட்டுவிட்டு அவர் கோபமாக எழுந்து போகவில்லை. என் அம்மா பசிக்கு முந்தி வந்துவிடுவாள் என்று எனக்குப் பாடினார். அதை நான் வெட்டிக் குப்பையில் போட்டேன். போட்டதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாக்கியத்தைத் தேடி அவர் டிவிஷனுக்குப் போனேன். பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை வாளியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கே சொன்னேனே தம்பி, எல்லாம் கேட்டுச்சுன்னு."

"கோவமா இருந்துச்சாங்க?"

"கோவம் இல்ல. வெக்கமா போச்சு. அந்த சேர் முன்னாடி நான் என்னமோ ஒட்டிக்க வந்தவ மாதிரி ஆயிட்டேன்ல." வாளியைக் கை மாற்றிக்கொண்டார். "பாட்டுக்குள்ள அக்கா பேர வச்சா மட்டும் அழிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். அதயும் அழிச்சிட்டீங்களே தம்பி."

நான் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட என்னத்துக்கு? உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சொல்லத்தான் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டே ஏறினேன். அம்மா, அது நான்தான். நான்தான் அம்மா அது. காம்பரா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"வா சாமி. லயத்துல இவளுக பேசுற பேச்சப் பாத்தியா? அந்த சிடில பேசுறது நீதானாம். ஒருத்தி இல்ல, ரெண்டு பேரு இல்ல, தண்ணிப் பீலியில வச்சு எல்லாரும் சொல்றாளுக. நான் விடுவேனா? எம்புள்ள சத்தம் எனக்குத் தெரியாதாடி, அவனே இல்லன்னு சொல்லிட்டான், அவன் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்னு குடத்த வச்சிட்டு நல்லா நாலு கேள்வி கேட்டுட்டேன். இனி எவளும் வாயத் தொறக்க மாட்டா."

நான் நின்றேன். கோத்துக்கொண்டு வந்ததெல்லாம் வாய்வரை வந்தது. இதற்கு மேல் உண்மையைச் சொன்னால் பீலியடியில் தலை நிமிர்ந்து நின்ற அந்த மனுஷி நாளைக்குத் தண்ணீருக்கு எப்படிப் போவார்? அப்படி நினைத்துத்தான் சும்மா இருந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதிப் பொய்தான். சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு ஆகவே ஆகாது.

"என்ன நின்னுக்கிட்டே இருக்க? சோறு ஆறுது, உக்காரு" என்றார் அம்மா. உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த மாசிக்கருவாட்டுச் சம்பல் வைத்தார். சாப்பிட்டேன்.

அம்மா தெரிந்துதான் அப்படிச் சண்டை போட்டாரா, நிஜமாகவே நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை. இப்போது கேட்பதற்கு அம்மாவும் இல்லை. அதன் பிறகு அந்த சிடியை அவர் போட்டு நான் கேட்டதில்லை.

உங்களுக்கு என்ன சொல்வது? பேசி முடித்ததும் உங்கள் மைக்கை மூடுங்கள். பலகைக்கு அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்று, பாடுகிறவரின் ஹெட்ஃபோனை ஒரு தடவை நீங்களே மாட்டிக் கேளுங்கள். சத்தத்தைத் தூக்கிய பிறகு மௌனத்தைக் கேளுங்கள். இதெல்லாம் தொழில். நான் மைக்கை ஒழுங்காக மூடியிருந்தாலும் அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்தானே. அதற்கு எந்தப் பெட்டியிலும் பொத்தான் கிடையாது.

நான் பேசத் தொடங்கியபோது உங்களில் ஒரு பிள்ளை இந்த மேசையில் ஒரு மைக்கை வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். பதிவாகிறதுதானே? ஆகட்டும், இதில் ஒரு இடத்தையும் வெட்ட வேண்டாம். நான் மேட்டு லயத்துக் கடைசிக் காம்பராவில் பிறந்தவன். என் அம்மா காமாட்சி, முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்த சிடியில் பேசுவது நான்தான் அம்மா.